கையை ஊன்றாமல் எழும்புங்கள்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவரைக்கூட மன்னித்துவிடுவார்கள், படுத்திருக்கிற வருத்தக்காரரை எழுப்பி நடக்கவைக்கிறவரை மன்னிக்கமாட்டார்கள். என் தொழில் அந்த இரண்டாவது.

வலிகாமத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோவாக வேலை செய்கிறேன். உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களை என்னிடம் அனுப்புவார்கள். சாப்பாடு போகிற பாதையில் வந்த நோய்க்கு இவள் ஏன் கையையும் காலையும் பிடித்துப் பார்க்கிறாள் என்று முதல் நாள் எல்லோரும் யோசிப்பார்கள். காரணம் சுருக்கமானது. நெஞ்சையும் வயிற்றையும் திறந்து செய்கிற பெரிய சத்திரசிகிச்சை அது. வெட்டுவது டொக்டரின் வேலை. வெட்டிய பிறகு மூச்சை ஆழமாக இழுப்பது, சளியை இருமித் துப்புவது, கட்டிலை விட்டு இறங்குவது எல்லாம் வருத்தக்காரரின் தசையின் வேலை. தசை நன்றாக இருந்தவர்கள் பெரும்பாலும் கெதியாக வீட்டுக்குப் போகிறார்கள். கெட்டிருந்தவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டுகிறது, புண் ஆறச் சுணங்குகிறது. சிலர் வீட்டுக்குப் போவதே இல்லை.

இதை வாசிக்கிறவர்களில், வீட்டில் ஒரு வருத்தக்காரரை வைத்துக்கொண்டு 'இன்னும் ஒரு வாய்' என்று கெஞ்சிக் களைத்தவர்கள் இருப்பீர்கள். கதிரையிலிருந்து எழும்பும்போது இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஒருவரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்க்கிறவர்களும் இருப்பீர்கள். நாம் எல்லோரும் ஒரே கட்சி. தம்பிராசா ஐயாவும் அந்தக் கட்சிதான். பெயரை மாற்றியிருக்கிறேன், ஆளைத் தெரிந்தவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

பழுதான மிசின்

தம்பிராசா ஐயா சண்டிலிப்பாய்க்காரர். புகையிலையும் மரக்கறியும் செய்கிற தோட்டக்காரர். முதல் நாள் என் அறைக் கதவை நிறைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உணவுக்குழாயில் கட்டி. சோறு இறங்காது, கஞ்சியும், பாலில் கரைத்த இடியப்பமும்தான் இறங்கும். அப்படியிருந்தும் மெலிந்த ஆளாகத் தெரியவில்லை. கூட அவருடைய மனைவி பரமேஸ்வரி அம்மாவும், அம்மாவின் தம்பி குணமும் வந்திருந்தார்கள். உரமூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடியவர் என்று அம்மா சொன்னார். அவர் அதை மறுக்கவில்லை.

கைப்பிடியின் பலம் பார்க்கிற கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதைக் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடியுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டு பிடித்தார். முள் கொஞ்சம் எழும்பி நின்றுவிட்டது. இன்னொரு தரம் பிடித்தார், இந்த முறை சிரிக்காமல். முள் முதல் நின்ற இடத்துக்கும் வரவில்லை. பிறகு, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னேன். முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிப் பார்த்தார். கடைசியில் ஒரு கை தானாகவே கதிரையின் சட்டத்துக்குப் போனது. அந்தக் கையை அவரே ஆச்சரியமாகப் பார்த்தார்.

கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குணத்திடம் நீட்டினார். குணம் ஒல்லியான மனிதர், லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் ஓட்டுகிறவர். அவர் பிடித்ததும் முள் எங்கேயோ போனது. உடனே தன் பிழை விளங்கி, கையைத் தளர்த்திக்கொண்டு யன்னலைப் பார்த்தார். ஐயா கருவியை என் மேசையில் மெதுவாக வைத்தார்.

"உது உங்கடை மிசின் பழுது, பிள்ளை. என்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை."

படத்தில் தெரிந்தது

சத்திரசிகிச்சை டொக்டர் குறைவாகக் கதைக்கிறவர். ஸ்கான் படத்தில், இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற ஒரு படத்தைத் திரையில் போட்டார். நல்ல தசை ஒரே சாம்பல் நிறமாக இருக்கும் என்று சொல்லி, வேறு யாருடையதோ ஒன்றைக் காட்டினார். பிறகு ஐயாவுடையதைக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் கறுப்பு இழைகள் ஓடியிருந்தன. அது தசைக்குள் ஊறிய கொழுப்பு. "வெளியிலை பாக்க ஆள் பெரிசு. உள்ளுக்கை தசை குறைவு, இருக்கிறதும் தரமில்லை" என்றார்.

இப்போது மருந்து ஏற்றுவதாகவும், அது கட்டியைச் சுருக்கும் என்றும், ஆனால் அதே மருந்து தசையையும் தின்னும் என்றும் விளக்கினார். மருந்து முடிந்த பிறகும் தசை தாக்குப்பிடித்து நின்றால் கட்டியை வெட்டி எடுப்பார். நிற்காவிட்டால் வெட்டமாட்டார், ஒரு குழாயை வைத்துச் சாப்பாடு இறங்க வழிசெய்வார். குழாய் சாப்பாட்டுக்கு வழி, நோய்க்கு வழி இல்லை. அதை அவர் நேராகவே சொன்னார்.

பரமேஸ்வரி அம்மா திரைக்குக் கிட்டப் போய், அந்தக் கறுப்பு இழைகளை விரலால் தொடாமல் தொட்டுக் காட்டினார்.

"அப்ப, இவ்வளவு காலமும் நான் சமைச்சுப் போட்டதெல்லாம் எங்கை போனது, டொக்டர்?"

கதிரையும் கடலும்

மருந்து ஏற்றுகிற அறையில் ஐயாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் வடமராட்சிக் கரையிலிருந்து ஒருவர் வந்து படுப்பார். கதிரவேலு என்று பெயர். கடற்றொழில். காற்றில் பறந்துவிடுவார் என்று பயப்படுகிற அளவு மெலிவு. இரைப்பையில் நோய். அவருடைய படத்தில் தசை கொஞ்சம்தான், ஆனால் கயிறு போல, ஒரே சாம்பல் நிறம். அவருக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்ற செய்தி ஐயாவுக்கு எட்டியது.

அன்று முழுவதும் ஐயா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் கதிரவேலுவிடமே கேட்டுவிட்டார்: "என்ன செய்து உம்மடை உடம்பை இப்பிடி வைச்சிருக்கிறீர்? சாப்பாட்டிலையும் ஒண்டும் தெரியேல்லை."

கதிரவேலு கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"நான் தண்ணியிலை நிண்டு வலையை இழுக்கிறனான். நீர் வரம்பிலை கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கூலி ஆக்களை இழுக்கிறனீர்."

வருத்தம் பார்க்க வருகிறவர்கள்

கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருகிற எனக்குச் சண்டிலிப்பாய் சுற்றுப்பாதை. இருந்தாலும் ஒரு சனிக்கிழமை, மருதனார்மடம் சந்தையில் ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன். கொடுத்த பயிற்சிகளை அவர் செய்கிறாரா என்று பார்ப்பது நோக்கம். வெறுங்கையோடு போனால் நான் வந்தது ஆஸ்பத்திரி வேலைக்கு என்று தெரிந்துவிடும்.

படலையைத் திறந்து செவ்வரத்தை வேலியோரமாக நல்ல தூரம் நடந்துதான் வீட்டுக்குப் போகவேண்டும். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, அதில் ஐயா. சுற்றிவரச் சொந்தக்காரர்கள், பிஸ்கட் பெட்டிகள், சத்துமா டின்கள். அவருடைய சைக்கிளைக் காணவில்லை, குணம் கொண்டுபோய்விட்டார். மண்வெட்டியை அம்மா அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஐயா துவாயைத் தேடிக் கண்ணைத் திருப்பினால், ஒருவர் ஓடிப்போய் எடுத்துவந்து தோளில் போட்டுவிடுவார். எங்கள் ஊர்களில் அன்பு என்றால் இதுதான். வருத்தக்காரரின் உடம்பில் ஒரு நரம்பும் அசையக்கூடாது. அன்பாலேயே அவருடைய தசை ஒவ்வொரு நாளும் கரைந்துகொண்டிருந்தது. உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் நடந்திருக்கும்.

கையை ஊன்றாமல் எழும்புங்கள் ஐயா என்றேன். அவருடைய ஒன்றுவிட்ட அக்கா முறையான ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வருத்தக்காரனைப் போட்டு உலுப்பிறதுக்கோ, பிள்ளை, உங்களை இவ்வளவு படிப்பிச்சு விட்டவை?"

படலை மட்டும்

திரும்பும்போது எனக்கு ஒரு விஷயம் பட்டது. ஐயா பெரிய மரியாதைக்காரர். நான் போனபோதும் எழும்ப முயன்றார். பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்து இருத்திவிட்டார்கள். பயிற்சி என்று நான் சொன்னால் அவர் செய்யமாட்டார். மரியாதை என்றால் செய்வார்.

பரமேஸ்வரி அம்மாவைப் படலையடிக்குக் கூட்டிவந்து சொன்னேன்: வருகிறவர்களை மறிக்கவேண்டாம், வரட்டும். ஆனால் ஒவ்வொருவரும் வரும்போது ஐயா கையை ஊன்றாமல் எழும்பி 'வாங்கோ' சொல்லவேண்டும். அவர்கள் போகும்போது படலை மட்டும் நடந்துபோய் வழியனுப்பவேண்டும். ஒருவரும் அவரைப் பிடிக்கக்கூடாது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது முறைதானே" என்றார்.

முதலில் கதிரைக்கு இரண்டு தலையணை போட்டு உயர்த்தினார்கள். பிறகு ஒன்று. பிறகு தலையணை இல்லை. எங்கள் பகுதியில் புற்றுநோய் என்ற செய்தி பரவினால் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இருக்காது. படலைக்குப் போய்வந்து ஐயா களைத்துப்போனார். ஆனால் எல்லாம் அடங்குகிற ஒரு காலம் வருமல்லவா? மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு பின்னேரம் அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் கவலை.

"பிள்ளை, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. அதுதான் குணத்தைப் படலையாலை வெளியிலை போய்ப் போய்த் திரும்பி வரச் சொல்லியிருக்கிறன். நடைக்கு உது காணுமே?"

சடங்குச் சாப்பாடு

நடந்தால் மட்டும் போதாது, தசைக்குச் சாப்பாடு வேண்டும். முட்டை, பால், பருப்பு, மீன், எல்லாம் மசித்து, இறங்கக்கூடிய பதத்தில் என்று சொல்லியனுப்பினேன். நான் நாள் பார்க்காமல் சொல்லிவிட்டேன். நல்லூர் முருகன் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறினால் இறங்கும் வரைக்கும் அந்த வீட்டு அடுப்பில் மீனுமில்லை, முட்டையுமில்லை. கஞ்சித்தண்ணீரோடு ஐயா இருந்தார். மருந்து ஏறுகிற உடம்பு கஞ்சித்தண்ணீரில் எத்தனை நாள் நிற்கும்?

வழியைக் கண்டது பரமேஸ்வரி அம்மா. உழுத்தங்களி. உழுத்தம்மாவை வறுத்து, தேங்காய்ப்பால், பனங்கட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுவது. அம்மா அதைக் கூழ் பதத்துக்குத் தண்ணியாக்கினார். சத்தும் உண்டு, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். நான் முழுச் சம்மதம் சொன்னேன். ஒரே ஒரு தடை: எங்கள் ஊரில் உழுத்தங்களியைக் கோப்பை கோப்பையாகக் கொடுப்பது பெரியபிள்ளையான பெட்டைகளுக்கு. இடுப்புப் பலத்துக்கு என்று சொல்லி, சடங்கு முடியும் வரைக்கும் கொடுப்பார்கள்.

குணத்துக்கு இது போதுமாக இருந்தது. களிச்சட்டியைக் கண்டதும் ஆரம்பித்தார்: "அத்தான், சாமத்தியச் சடங்குக்கு நாள் பாத்தாச்சோ? உங்கடை மகளுக்குத் தாய்மாமனாய் நிண்டு தண்ணி வாத்தவன் நான்தானே. பழக்கமான வேலை. மண்டபம் மட்டும் கெதியாச் சொல்லவேணும், கிடைக்காது." ஐயா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். ஒரு நாள் முழுவதும் தொடவில்லை. அம்மா தம்பியை ஏசினார், புருஷனைக் கெஞ்சினார், இரண்டும் பலிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் கோப்பையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கட்டி ஒரு பக்கம், உங்கடை வெக்கம் ஒரு பக்கம். எதுக்குத் தோற்கப் போறியள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாராம். கொஞ்ச நேரத்தில் ஐயாவின் குரல் கேட்டது.

"இஞ்சரும், போய் அந்தப் படலையைச் சாத்திப்போட்டு, ஒரு கரண்டியும் கொண்டு வாரும்."

சட்டி பிடித்தவர்

கொடி இறங்கியது. முட்டையும் வந்தது, பச்சை முட்டை கூடாது, மருந்து ஏறுகிற காலம், அவித்து மசித்துத்தான் என்று நான் பலதரம் சொன்னேன். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் கருவியின் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மருந்து முடிந்தது. அடுத்த முறை வரும்போது நாள் குறிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த முறை வந்தபோது முள் விழுந்திருந்தது. நான் கருவியைச் சந்தேகித்தேன். ஐயாவின் பழைய பழக்கம் எனக்கும் தொற்றியிருக்கவேண்டும். நான் பிடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நிறையும் குறைந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் வழக்கத்தைவிடத் தடிப்பாகத் திருநீறு. பரமேஸ்வரி அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குணம்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னார், "மிஸ், அத்தான் கந்தசட்டி விரதம் பிடிக்கிறார். மூண்டு மிளகும் தண்ணியும்தான்."

சத்திரசிகிச்சை நல்லபடி நடக்கவேண்டும் என்று அவர் நேர்ந்திருக்கிறார். வெட்டுக்கு முன்பே விரதத்தைத் தொடங்கிவிட்டார். தொடங்கியதை முறிக்கவேண்டாம் என்று அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. சேர்த்துவைத்ததையெல்லாம் சில நாட்களில் கரைத்துக்கொண்டிருந்தார், அதுவும் சேர்த்துவைத்தது வீணாகக்கூடாது என்பதற்காக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

டொக்டர் கோபப்படவில்லை. இன்றைக்கு நாள் குறிக்கமாட்டேன், இரண்டு கிழமையில் திரும்பப் பார்ப்போம், அப்போதும் இப்படி என்றால் குழாய்தான் என்றார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு, முருகனுக்கு நேர்ந்ததை எப்படி விடுவது என்று முணுமுணுத்தார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் சட்டி பிடிக்கிறனான், ஐயா. வெட்டுறவன் ஒரு நேரம் சாப்பிடாமல் நிண்டு வெட்டலாம். வெட்டுப்படுறவன் சாப்பிடாமல் படுக்க ஏலாது."

பங்கு பிரித்தது

வெளியே, சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் மூன்று பேரும் இருந்தார்கள். நான் இரண்டு தரம் அந்தப் பக்கம் போய்வந்தேன், வேலை இருந்ததுபோல. மூன்றாம் தரம் போனபோது அம்மா எழும்பி, குணத்தைக் கடைக்கு அனுப்பிப் பால் வாங்கச் சொன்னார். ஐயா அதைக் குடித்தார். குடிக்கும்போது ஒருவரையும் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைக் குணம் சொன்னார். அன்று பின்னேரமே அம்மா ஊர் முருகன் கோயிலுக்குப் போய், விரதத்தின் மிச்சத்தைத் தான் எடுத்துக்கொண்டார். ஐயாவுக்கு வேறு நேர்த்தி: விரதம் முடிகிற சூரன்போர் நாள் வரைக்கும் காலையும் பின்னேரமும் கோயில் வெளிவீதியைச் சுற்றி நடப்பது. சாறத்துக்கு மேலே சால்வையைக் கட்டிக்கொண்டு ஐயா நடந்தார். எங்கேயாவது விழுந்துவிடுவார் என்று பயந்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு குணம் பின்னாலே நடந்தார். அந்தக் கதிரையில் கடைசி வரை இருந்தது ஒருவர்தான். அது ஐயா இல்லை.

சூரன்போர் முடிந்து, டொக்டர் சொன்ன இரண்டு கிழமையும் கழிந்து வந்தபோது முள் பழைய இடத்தைத் தாண்டியிருந்தது. புதிதாக எடுத்த ஸ்கானை டொக்டர் பழையதன் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கறுப்பு இழைகள் மறைந்துவிடவில்லை. கூடவும் இல்லை. இந்த மருந்துக்குப் பிறகு தசை குறையாமல் நிற்பதே பெரிய விஷயம் என்றார். நாள் குறித்தார். நான் பரமேஸ்வரி அம்மாவிடம், முருகனோடு என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். விரதத்தால் அவருடைய முகம் இன்னும் வாடியிருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"பட்டினி என்ரை பங்கு, நடை இவற்றை பங்கு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அவர் மறுத்து ஒண்டும் சொல்லேல்லை."

கதவுக்கு அந்தப் பக்கம்

மழைக்காலம். சத்திரசிகிச்சை காலையில் தொடங்கி வெகுநேரம் நடந்தது. நான் வார்டில் மற்றவர்களை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது என்ற செய்தி வந்தது. ஆனால் எங்கள் தொழிலில் அந்தச் செய்தியோடு ஒருவரும் சிரிப்பதில்லை. பயம் அடுத்த நாள்தான் தொடங்கும்.

அடுத்த நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். மூச்சுக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். உடம்பில் வேறு குழாய்கள் தொங்கின. முகம் சாம்பலாக இருந்தது. நேர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று கட்டிலில் நிமிர்த்தி இருத்தினோம். காயத்தின்மேல் தலையணையை வைத்துக் கட்டிப்பிடிக்கச் சொன்னேன். மூச்சை இழுங்கள் ஐயா என்றேன். இழுத்தார். இப்போது இருமுங்கள் என்றேன். என்னைப் பார்த்தார். பகையாகத்தான் பார்த்தார். நெஞ்சைத் திறந்து தைத்த மனிதரிடம் இருமச் சொல்வதைவிடக் கொடுமை வேறு இல்லை, எனக்குத் தெரியும். தலையணையைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. அந்தக் கைகள் இறுகுவதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருமினார். முதல் தரம் ஒன்றுமில்லை, வெறும் காற்று. இரண்டாம் தரம் அடிவயிற்றிலிருந்து வந்தது. சளி வந்தது. நேர்ஸ் 'அப்பாடா' என்று சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பரமேஸ்வரி அம்மா வாங்கில் இருந்தார். நான் சொல்வதற்கு முன்பே எழும்பிவிட்டார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டனான், பிள்ளை. உது இவற்றை இருமல்தான். தோட்டத்துக்கை நிண்டு இருமினால் றோட்டாலை போற ஆக்களுக்குக் கேக்கும்."

ஒரு விசாரணை

வார்டுக்கு மாற்றிய பிறகு அவரை நடக்கவைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. மறிப்பதுதான் கஷ்டம். வடமராட்சிக் கதிரவேலு, தன் சத்திரசிகிச்சை முடிந்து, காயத்தைக் காட்டக் கிளினிக்குக்கு வந்தவர், ஒரு கையில் தோடம்பழப் பையோடு வார்டுக்குள் வந்தார். குழாய்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஐயா எழும்பி நின்றார், கையை ஊன்றவில்லை. கதை முடிந்ததும் வார்டு வாசல் மட்டும் கூடப் போனார். கதிரவேலு அங்கே நின்று அவருடைய காலையும் தோளையும் மாடு வாங்க வந்தவர்போலப் பார்த்தார்.

"பரவாயில்லை. இனி உம்மை வள்ளத்திலை ஏத்தலாம்."

யாருக்குச் சடங்கு

தை பிறந்து, புகையிலைக் கன்று இடுப்பளவுக்கு வந்திருந்தது. நோய் போயேவிட்டது என்று ஒருவரும் சத்தியம் செய்யவில்லை. வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பலதரம் சாப்பிடுகிறார். நான் மறுபடியும் ஒரு சீப்புக் கதலியோடு போனேன். இந்த முறை உண்மையாகவே பார்க்கத்தான் போனேன்.

படலையைத் திறக்கும்போதே தோட்டப் பக்கமிருந்து ஐயா வந்துகொண்டிருந்தார். மெலிந்திருந்தார், சட்டை இரண்டு பேருக்குக் காணும். கையில் மண்வெட்டி இல்லை, அது இன்னும் பூட்டுக்குள்தான். ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார், புகையிலையின் பக்கத் தளிரான கெட்டை முறிக்க. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் குணம் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு கோப்பை, அதில் உழுத்தங்களி. ஐயாவுக்கென்று கிண்டுவதில் பாதி இப்போது அங்கேதான் போகிறது என்று அம்மா குசினியிலிருந்து சொன்னார். என்னைக் கண்டதும் குணம் மரியாதைக்காக எழும்பப் பார்த்தார். ஒரு கை கோப்பையில், மற்றக் கை கதிரைச் சட்டத்தில். படலைக்கும் வீட்டுக்குமாகவும், பிளாஸ்டிக் கதிரையோடு கோயில் வீதியிலும் நடந்தது முடிந்துபோன கதையாகிவிட்டது போலும்.

ஐயா விறாந்தைப் படியில் நின்று அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இவ்வளவு மாதமும் காத்திருந்த முகம்.

"கையை ஊண்டாமல் எழும்படா, குணம். பிள்ளை, உவனுக்கும் ஒரு படம் எடுத்துப் பாருங்கோ, உள்ளுக்கை என்ன ஓடுதெண்டு. சடங்கை நான் எடுப்பிக்கிறன்."

ஒரு மனிதரைக் கதிரையிலிருந்து எழுப்பி நிறுத்த ஒரு டொக்டரும், ஒரு மனைவியும், ஒரு மைத்துனரும், ஒரு முருகனும், பாதிச் சண்டிலிப்பாயும், பெயருக்கு ஒரு பிசியோவும் வேண்டியிருந்தது; ஆனால் ஊரில் இன்றுவரைக்கும் நல்ல பெயர் உழுத்தங்களிக்குத்தான்.